முந்தி வந்த சிரிப்பு

போன மாதம் செங் என்ற ஊரில், கோயில் மண்டபத்தில் நீங்கள் நான்கு பேரும் ஒவ்வொருவராகத் தனியே நின்று பேசியதைக் கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன். முடிந்ததும் என்னை அடையாளம் கண்டு வந்தீர்கள். "அண்ணே, புதுசா ஒன்ன சொல்லி ஜனம் சிரிக்கலன்னா மேடையிலேயே என்னா செய்யுறது?" என்று உங்களில் ஒருவர் கேட்டார். நாலு பேர் எதிரே எனக்கு உடனே பதில் வராது. மேடையில் பேசியவன்தானே என்று நினைக்காதீர்கள். மேடையை விட்டு இறங்கினால் கடையில் உப்பு கேட்கவும் கூச்சப்படுகிறவன் நான். "பழகிடும் தம்பி" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டேன். அது பதில் இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவதோடு நின்றுபோன படிப்பு, பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

ஜனம் சிரிக்காவிட்டால் செய்வதற்கு ஒன்றுமில்லை. அடுத்ததற்குப் போக வேண்டியதுதான். பிறகு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுக்க வேண்டியதுதான். எனக்குச் சொல்ல இருப்பது, சிரித்துவிட்ட ஒரு கூட்டத்தைப் பற்றி.

அலோர் காஜாவிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் பால்மரம் வெட்டினேன், பட்டையைக் கீறிப் பால் எடுக்கிற வேலை. எங்களுக்கு ஒரு நாடகக் குழு இருந்தது. அதை நடத்தியவரை எல்லோரும் வாத்தியார் என்போம். அவரும் காலையில் எங்களோடு மரம் வெட்டுகிறவர்தான். ஒரு காட்சிக்கும் இன்னொரு காட்சிக்கும் நடுவே வேஷம் மாற்ற நேரம் வேண்டும். அந்த நேரம் முழுக்க ஒருவன் திரைக்கு முன்னால் நின்று எதையாவது பேசிச் சிரிக்க வைக்க வேண்டும். எனக்குப் பாட வராது. வசனம் மனதில் நிற்காது. அதனால் அந்த வேலை எனக்கு வந்தது.

கூச்சக்காரன் எப்படி நின்றான் என்றால், பெட்ரோமாக்ஸ் விளக்கின் புண்ணியத்தால் நின்றான். மேடையின் இரண்டு ஓரத்திலும் விளக்கு தொங்கும். கண்ணுக்கு நேரே வெளிச்சம், அதற்கப்பால் ஒரே கறுப்பு. முந்நூறு பேர் உட்கார்ந்திருந்தாலும் ஒரு முகம்கூட எனக்குத் தெரியாது. காதை மட்டும் வைத்துக்கொண்டுதான் பேசினேன்.

அந்தக் காதுக்கு ஒரு சிரிப்பு பழகிவிட்டது. பெண்கள் பக்கத்திலிருந்து வரும். மற்றவர்கள் சிரிப்பதற்குக் கண் இமைக்கும் நேரம் முந்தி வரும். நான் கடைசிச் சொல்லை முடிப்பதற்குள் அதற்குப் புரிந்துவிடும். பெரிய சத்தமில்லை. மூக்கில் தொடங்கும், அடக்கப் பார்க்கும், முடியாமல் வாய்க்கு வந்துவிடும். அது வந்தால் அடுத்த மூச்சில் கூட்டம் முழுவதும் வரும். அது வராமல் கூட்டம் சிரித்தால், ஏதோ பாவம் என்று சிரிக்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்துவிடும்.

பக்கத்துச் சின்னத் தோட்டத்து ஆட்கள் நாடகம் பார்க்க வரும் நாளில் மட்டும்தான் அந்தச் சிரிப்பு கேட்கும். யாருடையது என்று நான் விசாரிக்கவில்லை. யாரிடம் போய் என்னவென்று கேட்பது? மரம் வெட்டிக்கொண்டிருக்கும்போது புதிதாக ஏதாவது தோன்றினால், இது அந்தச் சிரிப்புக்கு எந்தச் சொல்லில் புரியும் என்று பார்ப்பேன். இரண்டு மரம் தாண்டி அதே யோசனை. கத்தி பட்டையில் ஆழமாக இறங்கி, வேலையை மேற்பார்க்கும் தண்டலிடம் வசவு வாங்கியிருக்கிறேன். இதற்கு என்ன பெயரோ, உங்கள் வயதில் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளோடு வெள்ளைக்கார அரசாங்கம் மோதிய அவசரகாலம் வந்தது. நாங்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டார்கள். பக்கத்துத் தோட்டத்து ஆட்களையும் கொண்டுவந்து எங்கள் வேலிக்குள் வைத்தார்கள். உள்ளே வர, வெளியே போக ஒரே கேட். காட்டில் இருக்கிறவர்களுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாது என்று, காலையில் வேலைக்குப் போகும்போது ஒரு பிடி சோறுகூட எடுத்துப் போகக் கூடாது. கேட்டில் சோதனை. ஆண்களைப் போலீஸ்காரர்கள் சோதிப்பார்கள். பெண்களுக்குச் சாக்கால் ஒரு தடுப்பு கட்டி, அதற்குள் ஒரு பெண்ணை வைத்திருந்தார்கள். அவள் வெளியூர்க்காரி இல்லை. வேலிக்குள் இருந்தவர்களில் ஒருத்தியையே ஆபீசில் அந்த வேலைக்கு எடுத்தார்கள். அஞ்சலை என்று பெயர். பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்தவள். புருஷன் காய்ச்சலில் போய்விட்டான். அவள் வெட்டிக்கொண்டிருந்த மரங்கள் காட்டோரமாக இருந்ததால் அந்தப் பக்கத்தையே மூடிவிட்டார்கள். இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவள் வேறென்ன செய்வாள்? இதெல்லாம் இப்போது எழுதுவது. அப்போது எங்களுக்கு அவள் கேட்டுக்காரி, அவ்வளவுதான். மற்ற பெண்கள் அவளோடு பேசுவதில்லை.

ஒரு வருஷத்துக்கு மேல் நாடகம் இல்லை. பிறகு ஒரு பொங்கலுக்கு, போலீஸ் பெர்மிட் கொடுத்தது. ஆனால் ஊரடங்கு இருந்ததால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தொடங்கி ஐந்து மணிக்குள் முடித்துவிட வேண்டும்.

நான் புதிதாக ஒன்று செய்து வைத்திருந்தேன். எங்களுக்குள் ஒரு பழக்கம் உண்டு. புதியதை முதலில் பால் நிறுக்கும் ஸ்டோரில் வரிசையில் நிற்கும்போது நாலு பேரிடம் சொல்லிப் பார்ப்போம். அங்கே பசியோடு நிற்பவன் சிரித்தால்தான் மேடைக்குப் போகும். இதை மட்டும் நான் அங்கே சொல்லவில்லை. இது கேட்டைப் பற்றியது. யாராவது ஒருவன் வேறு மாதிரி போய்ச் சொல்லிவிட்டால் என்னைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். பெர்மிட்டுக்காக நாடக வசனத்தை முன்கூட்டியே ஆபீசில் எழுதிக் கொடுக்க வேண்டும். என் பேச்சோ எழுத்தில் இல்லாதது. ஆபீசில் கணக்கெழுதும் கிராணி என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"நீ என்னாப்பா பேசப் போற?"

"பழசுதான் ஐயா. குடிகாரன், மாமியா."

"பழசா? போன தடவ கேட்டே எனக்குத் தூக்கம் வந்துருச்சு. சரி சரி, அதையே பேசு. தூங்குனா தப்பு இல்ல."

அந்த ஞாயிற்றுக்கிழமை முதல் காட்சி முடிந்து திரை விழுந்தது. நான் முன்னால் வந்து நின்றேன். நிமிர்ந்து பார்த்தால் பளீரென்று வெயில், அத்தனை முகமும் தெரிந்தது. ஸ்டோரில் பார்க்கிறவர்கள், தண்ணீர்க் குழாயில் பார்க்கிறவர்கள், ஒருவன் மூக்கைக் குடைகிறான், ஒரு பிள்ளை என்னைப் பார்த்து நாக்கை நீட்டுகிறது. கால் இடறி விழுந்தவன் எதைப் பிடிப்பானோ, அப்படிப் பழைய மாமியார் வேடிக்கையைப் பிடித்துக்கொண்டேன்.

கடைசிச் சொல்லுக்கு முந்தி அந்தச் சிரிப்பு வந்தது.

அது கேட்ட பக்கம் கண் தானாகப் போனது. பெண்கள் பாய் விரித்து நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு பாயில் மட்டும் ஒருத்திதான் இருந்தாள். அவளைச் சுற்றி நாலு பேர் உட்காரும் இடம் காலி. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள். கேட்டுக்காரி அஞ்சலை.

அடுத்ததாகச் சொல்ல நான் வைத்திருந்தது அவளைப் பற்றியதுதான்.

தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தேன். வேர்வைக்காக இல்லை, அவ்வளவு நேரம் வேண்டியிருந்தது. திரைக்குப் பின்னால் தலையை நீட்டி, "வாத்தியாரே, ஆச்சா?" என்றேன்.

"எங்கடா ஆச்சு? ராஜாவுக்கு மீச ஒட்ட மாட்டேங்குது. வேர்வையில நழுவுது. நீ இழு!"

"பழசு தீந்துருச்சு."

"தீந்தா புதுசு சொல்லுலா! இதுக்கா உன்ன நிக்க வச்சிருக்கேன்?"

திரும்பி நின்றேன். அந்த இடத்தில் எனக்கு வேறு மூன்று வழி இருந்தது. பழைய குடிகாரனையே இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம். கேட்டில் இருக்கும் பெண்ணை விட்டுவிட்டுப் போலீஸ்காரரை வைத்துச் சொல்லியிருக்கலாம். அதற்கு உதை கிடைத்தாலும் கிடைத்திருக்கும். கையை விரித்து, "ராஜா மீசைக்குக் கோந்து இல்லையாம்" என்று சொல்லியிருந்தாலே ஜனம் சிரித்திருக்கும். இதெல்லாம் பிற்பாடு பல நூறு தடவை யோசித்தது. அன்றைக்கு, சோதிக்காத சரக்கு ஒன்று கையில் இருந்தது, அது சிரிக்க வைக்குமா என்று பார்க்கும் ஆசை இருந்தது. ஆசைதான் வென்றது. உங்களுக்கும் இந்த ஆசை இருக்கும். அது கெட்டது என்று சொல்ல மாட்டேன், அது இல்லாதவன் மேடைக்கே வர மாட்டான். ஆனால் அது பேசும்போது மனச்சாட்சி மாதிரியே பேசும். அதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

துண்டைத் தலையில் போட்டு, இடுப்பில் கை வைத்து, கேட்டுக்காரி ஆனேன்.

"அடுத்த ஆளு வா! கூடையில என்னா?"

"கத்தி."

"பையில என்னா?"

"வெத்தல."

"கொண்டையில என்னா?"

"பேனு."

"பேனு என்னா சாப்டுது?"

"என் ரத்தத்த."

"அப்ப சரி, அதுக்குத் தடை இல்ல. போ! அடுத்தவ வா. ஏ, வயித்துல என்னா?"

"புள்ள."

"புள்ள என்னா சாப்டுச்சு?"

"நான் சாப்ட சோறுதான்."

"அப்ப சோறு கேட்ட தாண்டுதா? ம்ஹூம்! இங்க இறக்கி வச்சுட்டுப் போ. சாயந்தரம் வந்து எடுத்துக்க!"

இடி விழுந்த மாதிரி சிரித்தார்கள். ஒரு வருஷமாகத் தினமும் இருட்டில் எழுந்து கையை உயர்த்தி நின்ற ஜனம். ஆண்கள் தொடையைத் தட்டினார்கள். பெண்கள் ஒருத்தி மேல் ஒருத்தி சாய்ந்தார்கள். ராமாயி என்று ஒரு பிள்ளைத்தாச்சிப் பெண், ஏழு மாசம், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ, இறக்கிடும் போல இருக்கே" என்று கத்தினாள். அதற்கு இன்னொரு சிரிப்பு. ஓரத்தில் நின்ற தமிழ்ப் போலீஸ்காரர் ஒருவர் முகத்தை வேலிப்பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் முதுகு ஆடியது. "இன்னொருக்கா, இன்னொருக்கா" என்றார்கள். மூன்று தடவை செய்தேன். என் வாழ்க்கையில் அதற்கு முன்னும் பின்னும் அப்படிச் சிரிப்பு நான் வாங்கியதில்லை.

அத்தனை சத்தத்துக்குள்ளும் என் காது ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தது. அது வரவில்லை. அஞ்சலை தலையைக் குனிந்து பாயின் கோரையைப் பிரித்துக்கொண்டிருந்தாள். எழுந்து போகவில்லை. போவதென்றால் அத்தனை பேரையும் தாண்டிப் போக வேண்டும்.

"இனிமே ஒவ்வொரு நாடகத்துக்கும் இதுதான்டா" என்று வாத்தியார் முதுகில் தட்டினார். ஒரு பக்க மீசையோடு ராஜா வந்து கட்டிப்பிடித்தான்.

மேடையில் சொன்னது மேடையோடு போய்விடும் என்று நான் நினைத்திருந்தேன். மறுநாள் காலை கேட்டில் வரிசையில் நிற்கிறேன். சாக்குத் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் குரல்: "அக்கா, இறக்கி வச்சுட்டுப் போகட்டா?" உடனே பின்னால் நின்றவர்கள் சிரிக்கிறார்கள். அடுத்தவள்: "சாயந்தரம் வந்து எடுத்துக்கட்டா, அக்கா?" மறுபடி சிரிப்பு. தினமும் அதேதான். ஞாயிறு விட்டு ஆறு நாளும். சோதனை நீண்டால் அவள் வேண்டுமென்றே செய்கிறாள் என்பார்கள். சுருக்கினால் பயந்துவிட்டாள் என்பார்கள். நான் கையை உயர்த்தி நிற்பேன், போலீஸ்காரர் என் இடுப்பைத் தடவுவார், என் வாயிலிருந்து போன சொற்கள் அந்தப் பக்கம் ஒவ்வொரு வாயாக ஏறி இறங்குவது கேட்கும். அஞ்சலையின் குரல் ஒன்றுதான் கேட்காது.

நாம் ஒன்றைச் சொல்லிச் சிரிக்க வைத்தால், ஜனம் அதை எடுத்துக்கொண்டு போகிறது. எங்கே கொண்டுபோகும், யார் முன்னால் போடும் என்பது நம் கையில் இல்லை. புதியதைச் சோதிப்பது என்றால் சிரிப்பு வருமா என்று மட்டும் நான் பார்த்தேன். இதையே திங்கட்கிழமை காலையில் ஒருத்தி அவள் முகத்துக்கு நேரே சொன்னால் எப்படி இருக்கும் என்று பார்க்கவில்லை.

ஒரு நாள் தண்ணீர்க் குழாயில் அவள் மட்டும் நின்றாள். நான் பின்னால் குடத்தோடு நின்றேன். என்ன சொல்லிக் கூப்பிடுவது என்றே எனக்குத் தெரியவில்லை. தொண்டையைச் செருமினேன். அவள் திரும்பிப் பார்த்தாள். தன் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, "வைங்கண்ணே, தண்ணி வீணாப் போவுது" என்றாள். நான் குடத்தை வைத்தேன். அது நிரம்புவதற்குள் அவள் லயத்துக்குள் போய்விட்டாள்.

மாசி முடிவதற்குள் அவள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தோட்டத்தை விட்டே போய்விட்டாள். அண்ணன் வீட்டுக்கு என்றார்கள். எந்த ஊர் என்று யாருக்கும் தெரியவில்லை. தெரிந்துகொள்ள யாரும் மெனக்கெடவும் இல்லை.

அவள் இடத்துக்கு வெளியிலிருந்து ஒருத்தியைக் கொண்டுவந்தார்கள். வந்த முதல் நாளே ராமாயி பிடிபட்டாள். மாராப்புக்குள் வாழையிலையில் ஒரு உருண்டை சோறு. பிள்ளைத்தாச்சிக்குப் பத்து மணிக்கு மயக்கம் வரும், அதற்காக எடுத்துப் போவது. ஜீப்பில் ஏற்றிக் கொண்டுபோய், வயிற்றைப் பார்த்து எச்சரித்து, மறுநாள் விட்டார்கள். திரும்பி வந்தவள் குழாயடியில் உட்கார்ந்து அழுதாள்.

"மூணு மாசமா எடுத்துட்டுப் போறேன். அந்த அக்கா தொட்டுப் பாக்கும், ஒன்னும் சொல்லாது, போன்னு தள்ளிவிடும். தெரிஞ்சா அந்த அக்காவத்தான் முதல்ல உள்ள போட்டிருப்பாங்க."

"அப்ப நீ ஏன்டி அன்னிக்கு அப்படிச் சிரிச்ச?" என்று ஒரு கிழவி கேட்டாள்.

"நான் சிரிக்கலன்னா சந்தேகப்படுவாங்களேன்னுதான் சிரிச்சேன்" என்றாள் ராமாயி. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சிரிப்பும் வந்துச்சு" என்றாள்.

தண்ணீருக்கு நின்ற நான் குடத்தை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

சித்திரைத் திருவிழாவுக்கு மறுபடியும் பகல் நாடகம். நான் முன்னால் வந்ததும், "கேட்டுக்காரி! கேட்டுக்காரி!" என்று கூட்டம் கத்தியது. நான் வேறொன்று தொடங்கினேன். போலீஸ்காரர் இடுப்பைத் தடவும்போது கூச்சம் தாங்காமல் நெளிகிற ஒருவனைப் பற்றி. அந்த ஒருவன் நான்தான். அதையும் யாரிடமும் சொல்லிப் பார்க்கவில்லை. ஒருவரும் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்தார்கள், பிறகு தங்களுக்குள் பேச ஆரம்பித்தார்கள். "நீ செய்யப் போறியா இல்லியா?" என்று ஒருவன் கேட்டான். "அது இனிமே இல்ல" என்றேன். "அப்ப நீ எதுக்கு?" என்றான். அதற்கு நல்ல சிரிப்பு. மீதி நேரம் முழுக்க நின்று அதைச் சொல்லி முடித்துவிட்டுத்தான் உள்ளே போனேன். நீங்கள் கேட்டது இதைத்தானே, தம்பி? சிரிக்காவிட்டால் என்ன செய்வது என்று. ஒன்றும் ஆகாது. காது எரியும். அன்றைக்கு எனக்கு அது கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது. வாத்தியார் மட்டும் இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை.

பிறகு பெர்மிட் கிடைத்த தோட்டங்களுக்கெல்லாம் போய்ப் பேசினேன். ஊரடங்கு தளர்ந்து மறுபடி இருட்டில் நாடகம் வந்தது, விளக்குக்கு முன்னால் நின்றேன். கூச்சம் குறைந்தது, பேச்சும் தேறியதென்றார்கள். ஒவ்வொரு ஊரிலும் கடைசிச் சொல்லுக்கு முந்தி ஒரு சின்ன இடம் விட்டுப் பேசுவேன். கேட்பவர்கள் அதை என் பாணி என்று நினைத்தார்கள். நான் காது கொடுத்துக்கொண்டிருந்தேன். எத்தனையோ பேர் முந்திச் சிரித்திருக்கிறார்கள். மூக்கில் தொடங்கி, அடக்கப் பார்த்து, முடியாமல் வருகிற அது வரவில்லை.

அவசரகாலம் முடிகிற சமயத்தில் மெர்லிமாவ் கோயிலில் பேசக் கூப்பிட்டார்கள். காலையிலேயே போய்விட்டேன். பொழுது போகாமல் பாசாரில் நடந்துகொண்டிருந்தேன். மரவள்ளிக்கிழங்கும் கீரையும் பரப்பி வைத்து ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். உடம்பு கொஞ்சம் பெருத்திருந்தாலும் அஞ்சலை என்று தெரிந்தது. பக்கத்துக் கடைச் சீனக் கிழவரிடம் மலாயில் ஏதோ வம்பு பேசிக்கொண்டிருந்தாள். நான் நின்றதைப் பார்த்து அவளே சொன்னாள்.

"வாங்கண்ணே. மாமியா சௌக்கியமா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கு ஏது மாமியார்? மேடையில் நான் சொல்லும் மாமியாரைக் கேட்கிறாள் என்பது புரிய நேரமானது. நான் இளித்தேன். பல வருஷமாக மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்து வைத்திருந்த சொற்கள், மன்னிப்புக் கேட்க வேண்டிய சொற்கள், ஒன்றும் வாய்க்கு வரவில்லை.

"அன்னிக்கு நீங்க..." என்றேன். "அந்தப் பொங்கலுக்கு. நீங்க சிரிக்கல."

கிழங்கில் ஒட்டியிருந்த மண்ணைத் துடைத்துக்கொண்டே அவள் சொன்னாள்: "எனக்குச் சிரிப்பு வந்துச்சுண்ணே. முந்தானையக் கடிச்சுக்கிட்டேன். நான் சிரிச்சிருந்தா அவ்வளவு பேரும் நிப்பாட்டிட்டு என்னையப் பாத்திருப்பாங்க. உங்க பேச்சு பாதியில போயிருக்கும்லா."

இந்த இடத்திலாவது நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். அதற்காகவே கடவுள் கொண்டுவந்து நிறுத்திய மாதிரி இருந்தது. என் வாய் கேட்டது இது:

"எந்த இடத்துல வந்துச்சு?"

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். யோசித்தாள், நிஜமாகவே யோசித்தாள்.

"சாயந்தரம் வந்து எடுத்துக்கன்னீங்கல்ல. அங்க."

சாக்குத் தடுப்புக்கு அந்தப் பக்கம் பெண்கள் தினமும் அவளிடம் சொன்ன சொல் அதுதான். அது எனக்கு நினைவு வந்தது அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பார்வையை எடுத்துக்கொண்டாள். ஒரு மலாய்க்கார அம்மா வந்து கீரை என்ன விலை என்றார். அஞ்சலை அவரிடம் சிரித்துப் பேசி, கீரைக் கட்டை எடுத்துக் கொடுத்தாள். அந்த அம்மா போனார். நான் ஒரு கிழங்கைக் கையில் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றிருந்தேன்.

"வேற என்னா வேணும்ண்ணே?" என்றாள்.

"ஒன்னுமில்ல" என்றேன்.